இணையவழி ஒன்றுகூடல்: பழைய மாணவர் சங்கங்கள் எந்த வழியைத் தேர்வது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலைகளில் படித்து, இன்று கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி, ஒஸ்லோ என்று பரந்து வாழும் பழைய மாணவர்களின் சங்கங்கள் 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வேறு வழியின்றி இணையத்தில் கூடத் தொடங்கின. மண்டபங்கள் மீண்டும் திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும், இணையவழி ஒன்றுகூடலைத் தொடர்வதா, தொடர்வதானால் எந்த வடிவில் தொடர்வது என்ற கேள்வி செயற்குழுக்களில் இன்னும் தீர்ந்தபாடில்லை. உலகக் கிளைகள் அனைத்தையும் ஒரே நாளில் திரட்டும் பெருவிழா வேண்டும் என்பார் சிலர். பாடசாலையில் நடக்கும் விழாவை நேரலையாகக் காட்டினாலே போதும் என்பார் வேறு சிலர். ஒரே ஆண்டில் படித்தவர்கள் மாதமொரு முறை பேசிக்கொள்வதில்தான் உயிர் இருக்கிறது என்பார்கள் இளையவர்கள். முதிய ஆசிரியர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் அமர்வுகளைத் தொடங்க வேண்டும் என்ற குரலும் எழுந்திருக்கிறது. சங்கத்தில் இறங்கி வேலை செய்பவர்கள் எப்போதும் ஐந்தாறு பேர்தான் என்பதால், நான்கையும் ஒருசேர நடத்துவது பெரும்பாலான சங்கங்களுக்கு இயலாத காரியம்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சங்கங்கள் தங்கள் உழைப்பில் பெரும்பங்கை முதல் வழியில் செலவிடுகின்றன; பாடசாலை மரபை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் ஆற்றல் அதிகம் இருப்பதோ நான்காவதிலும் மூன்றாவதிலும்தான். ஆனால் முதல் இரண்டும் மட்டுமே பொருந்தும் சூழ்நிலைகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதற்கு அளவுகோல்கள் தேவை.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் கேட்க வேண்டியது, மரபு அந்த ஒன்றுகூடலில் நிகழ்கிறதா, காட்டப்படுகிறதா என்பது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904-இல் தொடங்கிய கிரிக்கெற் போட்டி இன்று மூன்று நாள் ஆட்டமாக, வடக்கின் பெரும் போர் என்ற பெயரில் நடக்கிறது. அதில் பழைய மாணவரின் பங்கு பார்வையாளராக இருப்பதும் ஆர்ப்பரிப்பதும்தான். ஆகவே திரையில் பார்ப்பவரும் அந்த மரபின் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகிறார். மாணவர்கள் இல்லங்கள் எனும் அணிகளாகப் பிரிந்து மோதும் இல்ல மெய்வல்லுநர் போட்டி அப்படியல்ல. இல்லங்கள் ஒன்றையொன்று விஞ்சச் சோடிக்கும் கொட்டகைகள், அணிநடை, நிகழ்ச்சியின் கடைப்பகுதியில் வரும் பழைய மாணவர் ஓட்டம் ஆகியவற்றில் உடலும் உழைப்பும் கலந்திருக்கின்றன. கல்லூரிக் கீதமோ சேர்ந்து பாடினால்தான் கீதம். சரஸ்வதி பூசையான வாணி விழாவும் கிறிஸ்மஸ் கரோல் ஆராதனையும் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பவை.

அடுத்தது, யார் வெளியே நிற்கிறார்கள் என்பது. நேர வேறுபாடு, வயது, கருவியைக் கையாளும் பழக்கம், இணையக் கட்டணம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒவ்வொரு வழியிலும் ஒரு கூட்டத்தாரை வெளியே தள்ளுகின்றன. யாரைத் தள்ளுகிறோம் என்பதைத் தெரிந்து தேர்வது வேறு, அறியாமல் தள்ளிவிடுவது வேறு.

மூன்றாவதாக, இன்றைய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அங்கே இடமுண்டா என்று பார்க்க வேண்டும். இதையே நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். இன்றைய மாணவர் இல்லாத இடத்தில் நடப்பது பழையவர்களின் நினைவுகூரல். அது இனிமையானது, தேவையானதுங்கூட, ஆனால் அதனால் மரபு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

பணச்செலவு நான்காவது. அது கணக்கறிக்கையில் வந்துவிடும். யாருடைய எத்தனை மாலைகள் அதற்குள் போயின என்பது எந்தக் கணக்கிலும் வராது. கடைசியாக, அடுத்த ஆண்டு அதே நாளில் கையில் எது எஞ்சியிருக்கும் என்று கேட்க வேண்டும்.

## முதல் வழி: உலகக் கிளைகள் கூடும் ஒரே பெருவிழா

நிறுவியவர் நினைவு நாள் போன்ற ஒரு நாளில், அதிபர் பாடசாலையிலிருந்து பேச, ஒவ்வொரு நாட்டுக் கிளையின் தலைவரும் வாழ்த்துரைக்க, இடையிடையே பாட்டும் நடனமும் வர, சூம் திரையில் நூற்றுக்கணக்கானோர் கூடும் விழா இது. கிளைகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே இயங்கும் சங்கங்களுக்கு, நாம் ஒரே பாடசாலையின் பிள்ளைகள் என்ற உணர்வை ஒரே மாலையில் கொடுப்பதற்கு இதைவிட வேறு வழியில்லை. பொதுக்கூட்டம், புதிய அதிபருக்கான வரவேற்பு, ஓய்வுபெறும் ஆசிரியருக்கான பிரிவுபசாரம் ஆகியவற்றுக்கும் இது பொருந்துகிறது. இவை எல்லாவற்றையும்விட, அனைவரும் நேசித்த ஓர் அதிபரோ ஆசிரியரோ காலமாகும்போது நடத்தும் அஞ்சலிக் கூட்டத்துக்கு இந்த வடிவம் மிகவும் ஏற்றது. அந்த நாளில் யாரையும் கெஞ்சி அழைக்க வேண்டியதில்லை. எந்த நாட்டில் என்ன நேரமாக இருந்தாலும் மாணவர்கள் வந்துவிடுவார்கள்.

மற்ற நாட்களில் நேரம்தான் முதல் தடை. நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான நேரக் கணக்கு இது:

| யாழ்ப்பாணம் | இலண்டன் | ரொறன்ரோ | சிட்னி |
|---|---|---|---|
| மாலை 5.30 | நண்பகல் 12.00 | காலை 7.00 | இரவு 11.00 |
| பிற்பகல் 2.30 | காலை 9.00 | அதிகாலை 4.00 | இரவு 8.00 |
| காலை 6.30 | நள்ளிரவு கடந்து 1.00 | முன்தினம் இரவு 8.00 | நண்பகல் 12.00 |

ஏப்ரல் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் முடிய, இலங்கை நேரம் மாறாதிருக்க, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மணி ஒன்று கூடும், சிட்னியில் ஒன்று குறையும். கனடா மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையும் பிரித்தானியா அம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மணிக்கூட்டை மாற்றுவதால், இடைப்பட்ட வாரங்களில் அறிவித்தல் அனுப்புவோர் நேரத்தைத் தவறாகக் கணிப்பது வழமை. நான்கு நகரங்களுக்கும் ஏற்ற நேரம் என்று ஒன்று இல்லை என்பதைத்தான் அட்டவணை காட்டுகிறது. மாலை 5.30 என்பது மூன்று ஊர்களுக்கு நல்லது, அவுஸ்திரேலியாவுக்குக் கொடுமை. எப்போதும் அந்த நேரத்தையே வைத்துவிட்டு, சிட்னிக் கிளை ஒத்துழைப்பதில்லை என்று குறைப்படும் சங்கங்கள் உண்டு. மூன்று வரிசைகளையும் ஆண்டுக்காண்டு மாற்றி வைப்பது நியாயம். இவ்வாண்டு யார் விழித்திருக்கப் போகிறார்கள் என்பதை அறிவித்தலிலேயே சொல்லிவிடுவது அதைவிட நியாயம்.

அடுத்த தடை கீதம். கண்ணாடியிழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான் செல்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் இலண்டனுக்கும் நேர்கோட்டுத் தூரமே ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர் என்பதால், ஒரு குரல் மறுமுனையைச் சேரக் குறைந்தது 40 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். உண்மையில் இதைவிடப் பல மடங்கு தாமதமாகும். சேர்ந்து பாடுவோரின் தாளம் பிசகாதிருக்க அந்தத் தாமதம் ஏறத்தாழ 30 மில்லி விநாடிக்குள் அடங்க வேண்டும். போதாக்குறைக்கு, சூம் மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு குரலையே முன்னிறுத்தி, மற்றவற்றை இரைச்சலாக எண்ணி அடக்கிவிடுகிறது. எனவே எல்லோரும் ஒலிவாங்கியைத் திறந்து கீதம் இசைப்போம் என்ற அறிவிப்பு ஒவ்வொரு முறையும் குழப்பத்திலேயே முடியும். இன்றைய மாணவர்களின் பாடகர் குழு முன்கூட்டியே பாடிப் பதிந்ததை ஒலிக்கவிட்டு, மற்றவர்கள் தங்கள் ஒலிவாங்கிகளை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் எழுந்துநின்று வாய்விட்டுப் பாடுவதே செய்யக்கூடியது. இதனால் ஒரு நன்மையும் விளைகிறது: ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் கீதத்தைப் பாடிப் பதியும் வழக்கம் பாடசாலையில் நிலைத்துவிடும்.

பணச்செலவு பெரிதன்று. சூமின் இலவசக் கணக்கு 100 பேருக்கும் 40 நிமிடத்துக்கும் மட்டுமே இடம் தருவதால் கட்டணக் கணக்கு வேண்டும். அதை விழா நடக்கும் மாதத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். ஆனால் மறைந்திருக்கும் செலவு பெரியது. வாழ்த்துரைகளைச் சுருக்கச் சொல்லி எந்தக் கிளைத் தலைவரிடமும் யாரும் கேட்க முடியாது என்பதால், விழா மூன்று மணி நேரமாக நீள்கிறது. முதல் அரை மணி நேரத்துக்குப் பின் கமராக்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கூட்டத்தை நடத்துபவர், காத்திருப்போரைப் பெயர் பார்த்து உள்ளே விடுபவர், ஒலியைக் கவனிப்பவர், முதியவர்களுக்குத் தொலைபேசியில் வழிகாட்டுபவர் என்று நாலைந்து பேர் விழாவையே காணாமல் வேலை செய்கிறார்கள். தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் போகாமல், அதில் கால் பங்கு நேரத்தை ஆண்டுவாரியாகப் பிரிந்து சிறு அறைகளில் பேசுவதற்கு ஒதுக்கும் சங்கங்கள் இதை நன்றாகவே நடத்துகின்றன. அந்தச் சிறு அறைகளில் கிடைக்கும் மகிழ்ச்சியே மூன்றாவது வழிக்கு விதையாகிறது.

## இரண்டாம் வழி: பாடசாலை நிகழ்வின் நேரலை

பரிசளிப்பு விழாவோ மெய்வல்லுநர் போட்டியோ வாணி விழாவோ பாடசாலையில் எப்படியும் நடக்கத்தான் போகிறது. அதை யூரியூப்பிலோ முகநூலிலோ நேரலையாகக் காட்டினால், உலகெங்கும் உள்ளோர் பார்ப்பார்கள். இதன் பெருஞ்சிறப்பு, நிகழ்வு இன்றைய மாணவர்களுடையது என்பது. பழைய மாணவர் தம் காலத்தை அல்ல, இக்காலத்தைப் பார்க்கிறார்: தம் இல்லத்தின் நிறம் இன்றும் பறப்பதை, அதிபர் அறிக்கையில் இவ்வாண்டின் பெறுபேறுகள் வாசிக்கப்படுவதை. பார்த்தாலே நிறைவடையும் மரபுகளுக்கு இதுவே சரியான வழி.

நேரம் இங்கும் தடைதான். யாழ்ப்பாணத்தில் காலை 9.30-க்குத் தொடங்கும் ஓர் ஆட்டம் குளிர்காலத்து இலண்டனில் அதிகாலை 4 மணி, ரொறன்ரோவில் முன்தினம் இரவு 11 மணி. ஆயினும் பதிவு எஞ்சுவதால், பிறகு பார்க்கலாம். அந்த எச்சத்தைக் காப்பதில் கவனம் வேண்டும்: 2025 தொடக்கத்திலிருந்து முகநூல் தன் நேரலைப் பதிவுகளை 30 நாட்களின் பின் அழித்துவிடுகிறது. முகநூலில் மட்டும் நேரலை செய்துவிட்டு, கோப்பைத் தரவிறக்கி வைக்காத சங்கம், ஒரு மாதத்தின் பின் தன் விழாவை இழந்துவிடும். யூரியூப்பில் பதிவு நிலைக்கும். ஆனால் முதன்முதலில் நேரலை வசதியைப் பெற 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும், கைப்பேசியிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்களும் வேண்டும் என்பதால், விழா நாள் காலையில் கணக்குத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மாணவிகள் திரைப்படப் பாடலுக்கு ஆடினால், காப்புரிமைக் காரணத்தால் ஒலி அடைக்கப்படலாம், ஒளிபரப்பே நிற்கலாம். நாதஸ்வரமோ பாண்ட் வாத்தியமோ மாணவரே வாசித்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு. மரபுக்கும் அதுவே நல்லது.

காட்சியைவிட ஒலியே நேரலையைக் கெடுப்பது. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் கைப்பேசி பிடிப்பது காற்றின் இரைச்சலையும் ஒலிபெருக்கியின் எதிரொலியையுமே. ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து ஒரு கம்பியை நேராக எடுத்துக்கொள்வது சிறு செலவு, பெரும் மாற்றம். தெளிவான படத்துக்கு, பதிவேற்ற வேகம் நொடிக்கு 3 முதல் 5 மெகாபிற் வரை தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஒரே மைதானத்தில் ஆயிரம் கைப்பேசிகள் இயங்கும் நாளில் அது கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 2022-இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தைக் கண்ட பாடசாலைகளுக்கு மாற்று மின்வசதி எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். வெளிநாட்டுக் கிளைகள் செலவுத் திட்டத்தில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் யாரும் பேச விரும்பாத செலவு ஒன்று உண்டு. உழைப்பு முழுவதும் பாடசாலையின் தலையில் விழுகிறது. ஊடகக் கழகத்து மாணவர் சிலரும், தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவரும் விழா நாள் முழுவதும் கமராவின் பின்னால் நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர், படம் தெளிவில்லை என்று நேரலையின் கீழே எழுதும்போது, அந்த மாணவர்களின் மனம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பிள்ளைகளின் முகமும் பெயரும் உலகம் முழுவதற்கும் திறந்துவிடப்படுகின்றன. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமாகத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெறுவதும், சிறு வகுப்புகளின் நிகழ்ச்சிகளை இணைப்பு உள்ளோர் மட்டும் பார்க்கும்படி வைப்பதும் சங்கத்தின் கடமை.

## மூன்றாம் வழி: ஆண்டுவாரியான சிறு சந்திப்புகள்

இருபது முப்பது பேர், மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை, நிகழ்ச்சிநிரல் இல்லாமல் பேசிக்கொள்வது. வட்ஸ்அப் அழைப்பில் 32 பேர் வரை சேரலாம் என்பதால் பலருக்கு வேறு செயலியே தேவையில்லை. செலவு அறவே இல்லை என்று சொல்லலாம். பட்டப்பெயர்கள், ஆசிரியர்களைப் போல் பேசிக்காட்டுவது, இல்லங்களுக்கிடையிலான பழைய வழக்குகள் ஆகிய எழுதப்படாத மரபுகள் உயிரோடிருப்பது இங்கேதான். பெருவிழா மேடையில் இவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. துன்பத்தில் இருக்கும் ஒரு தோழருக்கு உடனே கைகொடுப்பதும் இந்தச் சிறு கூட்டங்களே. செயற்குழுத் தீர்மானத்துக்காக அவை காத்திருப்பதில்லை.

ஆனால் ஆண்டு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு பெரும் அநீதி ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் பாடசாலையின் இறுதிப் பரீட்சையான க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டை வைத்தே அமைகின்றன. அதற்கு முந்தைய சாதாரண தரப் பரீட்சையோடு வேலைக்குப் போனவர், இடையில் நாட்டைவிட்டுப் போனவர், போரால் வலிகாமப் பகுதி மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறிய, 1995 ஒக்ரோபர் 30-இல் தொடங்கிய வலிகாமம் இடப்பெயர்வில் வன்னியிலோ தென்மராட்சியிலோ வேறு பாடசாலையில் சேர்ந்து அங்கேயே பரீட்சை எழுதியவர் ஆகிய எவரும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. போர்க்காலத் தலைமுறையில் இவர்கள் சிறுபான்மையினர் அல்லர். ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டை வைத்துக் குழு அமைத்தால், ஒரே வாங்கில் இருந்த எல்லோரும் உள்ளே வருவார்கள். சங்கம் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே பெரிய காரியம்.

மகளிர் பாடசாலைகளில் வேறொரு சிக்கல். வேம்படியிலோ சுண்டுக்குளியிலோ உடுவிலிலோ படித்தவர்கள் திருமணத்தின் பின் கணவர் பெயரோடு அறியப்படுவதால், பழைய வருகைப் பதிவேட்டை வைத்துத் தேடினால் கிடைப்பதில்லை; தகப்பனார் பெயரையும் ஊரையும் சேர்த்து ஒரு பட்டியல் தயாரிப்பதே முதல் வேலை. மாலை நேரம் வீட்டில் அடுப்படி நேரம் என்பதையும் அமைப்பாளர்கள் மறக்கக் கூடாது.

மறைச்செலவு இன்னும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் பணத் திட்டங்களைப் பற்றியே பேசத் தொடங்கினால், ஊரில் இருக்கும் தோழர்கள் மெல்ல விலகிவிடுவார்கள். தரமுடியாததால் வரமுடியவில்லை என்று அவர்கள் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். நிதி சேர்ப்பைச் சந்திப்பிலிருந்து முற்றாகப் பிரித்துவிடுவது நல்லது. மேலும், ஒவ்வொரு குழுவும் ஒரு தனி மனிதரின் தொலைபேசி அழைப்புகளில்தான் நிற்கிறது. அவர் களைத்துவிட்டால் குழுவும் ஓய்ந்துவிடும். அழைக்கும் பொறுப்பை ஆண்டுக்கொருவராக மாற்றுவது அவசியம்.

இன்றைய மாணவர் இதில் இல்லை என்பதே இவ்வழியின் பெருங்குறை. அதைத் தீர்க்க ஒரு வழியிருக்கிறது. ஒவ்வொரு குழுவும் ஆண்டில் ஒருமுறை, ஓர் ஆசிரியர் உடனிருக்க, பாடசாலையின் ஒரு வகுப்போடு சந்திக்கலாம்: தாங்கள் சாரணராகவோ அணியினராகவோ இருந்த காலத்தில் அந்தப் பயிற்சி எப்படி நடந்தது, இப்போது எப்படி நடக்கிறது என்று இருபக்கமும் பேசலாம். சனி, ஞாயிறுகளில் மாணவர்கள் தனியார் வகுப்புகளில் இருப்பார்கள் என்பதால், பாடசாலை நேரத்துக்குள் அதிபர் ஒதுக்கித் தரும் ஒரு பாடவேளையே ஏற்றது. வெளிநாட்டில் இருப்பவர் அதற்காக விடியற்காலையில் எழுந்தால் தவறில்லை.

## நான்காம் வழி: நினைவுப் பதிவு அமர்வுகள்

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரையோ மூத்த மாணவரையோ இணையவழி அமர வைத்து, இன்றைய மாணவர் இருவர் கேள்வி கேட்க, ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்வது. நான்கு வழிகளில் பார்வையாளர் மிகக் குறைவாக வருவது இதற்குத்தான்; எஞ்சுவது மிக அதிகமாக இருப்பதும் இதில்தான்.

யாழ்ப்பாணத்தில் இதன் தேவை மற்ற இடங்களைவிடக் கூடுதல். யாழ். பொதுநூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டபோது போனவற்றை மீட்க முடியாது. பாடசாலைகளின் சொந்த ஆவணங்களும் இடப்பெயர்வுகளில் சிதைந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி போன்றவை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, பல ஆண்டுகள் தங்கள் மண்ணுக்கு வெளியே இயங்க நேர்ந்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணம் ஒஸ்மானியாக் கல்லூரியின் சமூகம் முழுவதுமே புத்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் சிதறியது. இத்தகைய பாடசாலைகளின் கட்டடமும் பதிவேடும் போனாலும், அவற்றின் வழக்கங்கள் மனிதர்களின் நினைவில் இருக்கின்றன. அந்த மனிதர்கள் ஒரே ஊரில் இல்லை என்பதால், இணையவழி அமர்வு இங்கே நேரில் கூடுவதற்கு மாற்று என்பதைத் தாண்டி, நேரில் செய்ய முடியாத ஒன்றைச் செய்கிறது.

செய்முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. உங்கள் பள்ளிக்கூட அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால், மேடைப்பேச்சுத்தான் வரும். பழைய வகுப்புப் படம் ஒன்றைத் திரையில் வைத்து, இடமிருந்து வலமாக இவர்கள் யார் என்று கேட்டால், பெயரோடு கதையும் வரும். மணி அடித்தவர் யார், காலைப் பிரார்த்தனை எந்த வரிசையில் நடந்தது, இல்லக் கொட்டகைக்குத் தென்னோலை எங்கிருந்து வந்தது என்பன போன்ற சிறு கேள்விகளே மரபின் உட்கூறுகளை வெளிக்கொணரும். முதியவரின் அருகில் வீட்டார் ஒருவர் இருந்து கருவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே அறையில் இன்னொரு கைப்பேசியில் ஒலியைத் தனியாகப் பதிந்துகொண்டால், இணைப்பு அறுந்தாலும் சொல் அறாது. சூமின் இலவசக் கணக்கிலும் கணினியில் பதிவு செய்ய முடியும் என்பதால் பணம் ஒரு தடையன்று.

மறைச்செலவு பின்னால் வருகிறது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேர உழைப்பு வேண்டும். நாள், இடம், பேசியவர், அவர் படித்த ஆண்டுகள், படங்களில் இருப்போரின் பெயர்கள் ஆகியவற்றைக் குறிக்காமல் சேமித்த கோப்பு, பத்தாண்டின் பின் எவருக்கும் பயன்படாது. சேமிக்கும் இடத்தையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனம் போன்ற ஓர் ஆவணகத்தோடு தொடர்புகொண்டால், ஒரு தனிநபரின் கணினியை நம்பியிருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது போர்க்கால நினைவுகளில். வகுப்பில் யார் எந்த ஆயுத இயக்கத்துக்குப் போனார், யார் காணாமல் போனார் என்ற பேச்சு தானாக வரும். அதை அடக்கவும் கூடாது, அப்படியே வெளியிடவும் கூடாது. உயிரோடிருப்போருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் தீங்கு வரக்கூடிய பகுதிகளை மூடிய பதிவாகக் குறிப்பிட்ட காலம்வரை வைத்திருப்பதற்கு, பேசியவரின் எழுத்துமூல விருப்பத்தைப் பெற வேண்டும். அத்தகைய நினைவுகள் வரக்கூடும் என்று தெரிந்தால், கேள்வி கேட்கும் இடத்தில் மாணவருக்குப் பதிலாக வளர்ந்தவர் ஒருவர் இருப்பது நல்லது.

## நேரில் கூடுவதோடு ஒப்பிட்டால்

வெளிநாட்டுக் கிளைகளின் இராவிருந்தும் கலைவிழாவும் வெறும் கொண்டாட்டங்கள் அல்ல. புலமைப்பரிசிலுக்கும் கட்டடத்துக்குமான நிதி பெரும்பாலும் அவற்றிலிருந்தே வருகிறது. இணையவழிப் பெருவிழாவை அதே பருவத்தில் வைத்தால், விருந்துக்கு வருவோர் குறையக்கூடும். 1816-இல் தொடங்கிய மத்திய கல்லூரி, 1823-இல் தொடங்கிய பரி. யோவான், 1824-இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி ஆகியவை இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டன. இத்தகைய நிறைவாண்டுகளில் ஊருக்கே போய்ச் சேர்வதற்கு எந்தத் திரையும் ஈடாகாது. அந்த ஆண்டில் இணையவழி நிகழ்வுகளைக் குறைத்து, வரமுடியாத முதியோருக்கு நேரலையை மட்டும் வைத்தாலே போதும்.

## யாருக்கு எது?

ஒரே கிளையும் ஐந்தாறு தொண்டர்களும் உள்ள சிறு சங்கம் பெருவிழாவைத் தொடவே வேண்டாம். நான்காம் வழியை இரண்டு மாதத்துக்கொரு முறை நடத்தினால் அதன் ஆற்றலுக்குள் அடங்கும். பல நாடுகளில் கிளைகள் உள்ள பெரிய சங்கம், பெருவிழாவை இரண்டாண்டுக்கு ஒருமுறையாக்கி, மிச்சப்படும் உழைப்பை ஆண்டுவாரிக் குழுக்களின் பட்டியலைச் சரிசெய்வதில் செலவிடலாம். கிரிக்கெற் சமரும் மெய்வல்லுநர் போட்டியும் அடையாளமாக உள்ள பாடசாலைக்கு நேரலை இன்றியமையாதது. ஆனால் வெளிநாட்டுக் கிளை பணத்தோடு நின்றுவிடாமல், முடிந்தால் ஊரிலேயே இருக்கும் இளம் பழைய மாணவர்களைக் கமராவுக்குப் பொறுப்பாக்கி, விழாவன்று இன்றைய மாணவரை மைதானத்துக்கு விட்டுவிட வேண்டும். இடம்பெயர்ந்த, மூடப்பட்ட, அல்லது தன் சமூகத்தையே இழந்த பாடசாலையின் சங்கத்துக்கு நான்காம் வழியைத் தவிர வேறு எதுவும் அவசரமில்லை. பழைய மாணவர் பெரும்பாலும் முப்பது வயதுக்குள் இருக்கும் புதிய பாடசாலைக்கோ அது இன்னும் பொறுக்கும். அவர்களுக்கு மூன்றாம் வழியே இயல்பானது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் யூரியூப் தளம், சூம் கணக்கு, சேமிப்பகம் ஆகியவை சங்கத்தின் மின்னஞ்சல் முகவரியில் இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் செயலாளர், பொருளாளர் இருவரிடமும் இருந்து, நிர்வாகம் மாறும் பொதுக்கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துக் கையளிக்கப்பட வேண்டும். நான்காம் வழியைத் தேர்ந்தவர்கள் அடுத்த செயற்குழுவுக்கு முன்பாகவே எண்பது வயதைக் கடந்த ஆசிரியர்களும் மாணவர்களும் யார் யார், எந்த நாட்டில், யாருடைய வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எழுதத் தொடங்கி, அதில் மூத்தவரிடமிருந்து இறங்குவரிசையில் அழைத்துப் பேச வேண்டும்.